எனக்கு வரவேண்டிய எண்

நாலு இட்லி வைத்தால் அவள் ஒன்றை எடுத்து என் தட்டில் போட்டுவிடுவாள். எங்கள் கம்பெனி கேண்டீனில் காலை ஷிப்டுக்கு ஆளுக்கு நாலு இட்லிதான். "மூணு தின்னலாம், அஞ்சு தின்னலாம். நாலு என்னட்டி நாலு, தொட்டா ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு போற சவம்" என்பாள். நானும் ஐந்து இட்லியைச் சட்னியில் தோய்த்து விழுங்கிவிட்டு எழுவேன். சும்மா வருகிற இட்லியை வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஆனால் அந்த ஐந்தாவது மட்டும் ஒரு நாளும் நிம்மதியாக உள்ளே இறங்கியதில்லை. பொறாமைதான், வேறென்ன. அதற்கு நல்ல பெயர் வைத்துப் பேச எனக்குத் தெரியாது.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்கள் கம்பெனியில் அது யார் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற ரோட்டில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. ஆயிரக்கணக்கில் பெண்கள். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், உடம்பு முழுக்க வெள்ளைக் கோட்டு. கண்ணைத் தவிர ஒன்றும் வெளியே தெரியாது. இதில் யார் லட்சுமி, யார் மேரி என்று எந்த சூப்பர்வைசர் கண்டார்? கழுத்தில் தொங்குகிற கார்டில் ஆறு இலக்கத்தில் எம்ப்ளாயி நம்பர் இருக்கும். அதன் கடைசி மூன்றைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவள் 729. நான் 730.

எங்கள் லைன் சூப்பர்வைசர் ஆனேக்கல் பக்கத்துக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். "ஏ செவன் டுவென்டி நைன், பா இல்லி" என்று கையை ஆட்டுவார். மற்றவர்கள் என்றால் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவோம். இவள் போய் நேராக நிற்பாள்.

"சார், முழு நம்பரும் சொல்லிக் கூப்பிடுங்க."

"யாக்கம்மா? அவ்ளோ நீளமா?"

"வெறும் 729ன்னா மூணால போயிரும் சார். மறுபடியும் மூணால போவும், மறுபடியும் மூணால போவும், கடசில வெறும் ஒண்ணுதான் மிஞ்சும். முன்னால ஒரு 104 சேத்துச் சொன்னீங்கன்னா எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் முழித்தார். நாங்கள் மாஸ்க்குக்குள் சிரித்தோம். ஆனால் ஒரே வாரத்தில் அந்த மனிதர், "ஒன் நாட் ஃபோர் செவன் டூ நைன்" என்று மூச்சு வாங்கக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஏதோ பட்டம் கொடுத்துக் கூப்பிடுவதுபோல இருக்கும். அடுத்த மூச்சில் என்னை, "ஏ செவன் தர்ட்டி" என்பார்.

முழு நம்பரையும் சொல்லுங்கள் என்று நான் கேட்க முடியுமா? 104730. முழுதாகச் சொன்னாலும் கடைசியில் சைபர்தான். பார்த்த மாத்திரத்திலேயே இரண்டால் போகும், ஐந்தால் போகும், பத்தால் போகும். இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் பதினைந்து, ஆகவே மூன்றாலும் போகும். வழியோடு போகிறவர்கள் எல்லாம் கல்லெறிகிற மாமரம் மாதிரி ஒரு எண். அவளுடையதோ பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. அதுவும் சின்னதில்லை, ஒரு லட்சத்துக்கு மேல்.

என்னைத் தேற்றுகிறேன் என்று ஒருநாள் சொன்னாள்: "உன் நம்பருக்குள்ளயும் ஒரு பகா எண் ஒளிஞ்சுகிட்டு இருக்குட்டி. ரெண்டு, மூணு, அஞ்சு மூணையும் களைஞ்சு பாரு, உள்ள 3491 நிக்கும். அது யாருக்கும் அசையாது."

"வேணா தாயே, அதையும் நீயே வெச்சிக்கோ" என்றேன்.

அவள் தூத்துக்குடிப் பக்கம். கடற்கரை ஊர். ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டுவிட்டு வருவாள். அதிலும் இந்தப் பைத்தியம் விடாது. "செவமாலையில அருள்நிறை மந்திரம் சொல்லுத மணி எத்தனைன்னு நெனக்க? அம்பத்து மூணு. பெரிய மணியும் சேத்தா அம்பத்தொம்பது. ரெண்டும் பகா எண். மாதாவுக்குத் தெரியாதா எது நல்ல நம்பர்னு!" என்று கண்ணை விரித்துச் சொல்வாள். கம்பெனி பஸ்ஸில் பதினேழாம் சீட்டிலோ பத்தொன்பதிலோதான் உட்காருவாள். யாராவது முன்பே உட்கார்ந்திருந்தால் அவர்களிடம் கெஞ்சி எழுப்பிவிட்டு, நன்றியாக ஒரு மிட்டாய் கொடுப்பாள். எழுந்தவளும் சிரித்துக்கொண்டே எழுவாள். அதுதான் எனக்கு ஆறாதது. நான் எழுந்திரு என்றால் சண்டைக்கு வருகிறவர்கள், அவள் சொன்னால் எழுவார்கள்.

நான் கெலமங்கலம். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம். அவளும் பி.எஸ்ஸி. கணிதம், நானும் பி.எஸ்ஸி. கணிதம். மார்க்கில் நான்தான் கூட. இதை அவளே எல்லோரிடமும் சொல்வாள், அதனால் எனக்கு அதிலும் ஒரு பெருமை மிஞ்சவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த 104729 எனக்கு வரவேண்டிய எண். வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று பெரிய ஹாலில் வரிசை. முன்னால் மேசையில் ஒரு அம்மா உட்கார்ந்து, சர்டிபிகேட் காப்பிகளை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தியாகப் போட்டோ பிடித்து, அங்கேயே கார்டு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் நான் முன்னால், அவள் எனக்குப் பின்னால். அதுவரை அவளை நான் பார்த்ததே இல்லை. எனக்கு முன்னால் நின்றவள் கார்டை வாங்கிக்கொண்டு திரும்பினாள். அடுத்தது என் முறை. அப்போது பின்னாலிருந்து முதுகில் ஒரு தட்டு.

"ஏட்டி, உன் செராக்ஸ்ல கையெழுத்துப் போடலியே. பாத்தா திருப்பி அனுப்பிருவாங்க. அந்தா, ஜன்னல்ட்ட பேனா கெடக்கு பாரு. ஓடிப் போய் போட்டுட்டு வா, உன் எடத்த நான் பாத்துக்கிடுதேன்."

என்ன நல்ல பெண், முன்பின் தெரியாதவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். கையெழுத்துப் போட்டுத் திரும்புவதற்குள் வரிசை நகர்ந்து, அவள் மேசை முன்னால் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்து நான் போனேன். மேசையிலிருந்த அம்மா என் கையெழுத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காப்பிகளைக் கட்டோடு வாங்கி டப்பாவில் போட்டுவிட்டார். அவளுக்கு 729, எனக்கு 730. ஒரு கையெழுத்து நேரத்தில் போனது என் எண். எங்கள் எல்லோருடைய கார்டு போட்டோவும் போலீஸ் பிடித்து நிறுத்தியதுபோல இருக்கும். அவள் மட்டும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அது பகா எண் என்று அப்போது யாருக்குத் தெரியும்? சேர்ந்து கொஞ்ச நாளில், ஷிப்ட் முடிந்து ஓசூருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவள்தான் ஆரம்பித்தாள். "என் நம்பர் பகா எண் மாதிரி தோணுது. பாத்துருவோமா? ஆனா ஒருத்தியும் நெட்ல பாக்கப்படாது. கால்குலேட்டர்ல வகுத்துதான் பாக்கணும்." எழுந்து நின்று, வாத்தியார் மாதிரி ஆளுக்குச் சில எண்களைப் பங்கு போட்டாள். முந்நூற்றுச் சொச்சம் வரைக்கும் பார்த்தால் போதுமாம். அதற்கு மேலே உள்ள எண் எதாலாவது வகுபடுவதாக இருந்தால், அதன் ஜோடி கீழேயே மாட்டியிருக்கும் என்று விளக்கினாள். கணக்கென்றால் காத தூரம் ஓடுகிற பெண்கள், நாகரசம்பட்டிக்காரி ஒருத்தி கொண்டுவந்திருந்த மாங்காய்ப் பத்தையை உப்பு மிளகாயில் தொட்டுக் கடித்துக்கொண்டே போனில் தட்ட ஆரம்பித்தார்கள். "எனுக்கு ஏழால போகல!" "பதிமூணும் இல்லடி!" என்று பஸ்ஸே கத்தியது.

என் பங்கு முந்நூறுக்கு மேல். மற்றவர்கள் எல்லாம் போகக்கூடாது போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு தட்டினார்கள். நான் ஒருத்திதான், போய்விடு போய்விடு என்று வேண்டிக்கொண்டு தட்டினேன். எங்கேயாவது ஒரு எண் அவளுடையதை மீதியில்லாமல் வகுத்துவிட்டால் போதும், எனக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடே வேண்டாம். 307 போட்டேன், புள்ளிக்குப் பின்னால் வால் நீண்டது. 311, 313, 317, எல்லாவற்றுக்கும் வால். எங்கே நிறுத்துவது என்று பார்க்க 323ஐ அதே எண்ணால் பெருக்கினேன். திரையில் வந்ததைப் பார்த்ததும் சீட்டிலிருந்து எழுந்துவிட்டேன்.

"போச்சுடி! 323 இன்டூ 323! உன் நம்பர் வெறும் வர்க்கம்டி! இங்க பாரு, இங்க பாரு!"

பஸ் முழுக்கத் திரும்பியது. அவள் முகத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். கொஞ்சமும் மாறவில்லை. கையை நீட்டி என் போனை வாங்கி நிதானமாகப் பார்த்தாள்.

"ஏட்டி, நடுவுல மூணு. ஏழு இல்ல."

104329. ஆசையில் எனக்கு மூன்று ஏழாகத் தெரிந்திருக்கிறது. எல்லோரும் சிரித்த சிரிப்பில் டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மானம் போய் உட்கார்ந்தேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை. என் போனையே பார்த்துக்கொண்டு நின்றவள் ஏதோ கழித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நானூறுதான் கொறையுது. நானூறுன்னா இருபது இன்டூ இருபது. அய்யோ மாதாவே!" என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிள்ளிவிட்டாள்.

அவள் துள்ளியதற்கு அர்த்தம் அந்த பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். நாலால் வகுத்தால் ஒன்று மீதி வருகிற பகா எண் எதுவானாலும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகப் பிரியும். ஐந்து என்றால் நாலும் ஒன்றும். பதின்மூன்று என்றால் ஒன்பதும் நாலும். அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான் பிரியும், இன்னொரு விதம் கிடையாது. எவ்வளவு பெரிய எண்ணானாலும் அதற்கென்று ஒரே ஒரு ஜோடி. அவள் எண்ணுக்கு அந்த ஜோடி 323 வர்க்கமும் 20 வர்க்கமும். அதைக் கண்டுபிடித்தது அவள் எண்ணை உடைக்கப் போன நான். இதைவிடக் கொடுமை உண்டா?

மீதி எண்களும் வகுபடவில்லை, பகா எண்தான் என்று முடிவானது. அதன் பிறகு நெட்டில் பார்க்க அனுமதி கொடுத்தாள். நாகரசம்பட்டிக்காரி பார்த்துவிட்டு, "அடியே, இது பத்தாயிரமாவது பகா எண்ணாம்டி! சரியாப் பத்தாயிரம்!" என்று கத்தினாள். ரெண்டிலிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தால் பத்தாயிரமாவதாக வந்து நிற்பது அது. "அப்படியா!" என்று இவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நாங்கள் தங்கியிருந்த கம்பெனி ஹாஸ்டல் முழுக்க அன்று அதே பேச்சு.

இதெல்லாம் விளையாட்டு என்று விட்டிருப்பேன், அந்த நாற்காலி மட்டும் நடுவில் வராமல் இருந்திருந்தால்.

லைனில் ஷிப்ட் முழுக்க நின்றுதான் வேலை. என் அப்பா கெலமங்கலம் சந்தைக்குத் தக்காளி போடுகிறவர். ஒருமுறை ஹாஸ்டலுக்கு வந்தவர் என் வீங்கிய காலைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, ஹாஸ்டல் வார்டன் காதிலும் விழட்டும் என்று தமிழில் சொன்னார்: "நின்னு நின்னு காலு வீங்கறதுக்கா உன்ன டிகிரி படிக்க வெச்சன்? உக்கார்ற வேலை குடுத்தா இரு. இல்லன்னா தை பொறந்ததும் வந்து சேரு, மாப்பிள்ளை பாத்து வெச்சிருக்கறன்." அந்த மாப்பிள்ளையை எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் பயந்தேன். அந்தச் சமயத்தில்தான் டேட்டா டெஸ்க்கில் ஒரு இடம் காலியானது. கழித்துப் போடுகிற பாகங்களின் கணக்கைப் பார்க்கிற வேலை. கண்ணாடி அறை, பகல் ஷிப்ட், சுழல்கிற நாற்காலி. கணிதம் படித்தவர்கள் வரலாம் என்றார்கள். நானும் அவளும் போனோம்.

மேனேஜர் என்னை முதலில் கூப்பிட்டார். உன்னைப் பற்றிச் சொல் என்றார். ஊரைச் சொன்னேன், காலேஜைச் சொன்னேன், மார்க்கைச் சொன்னேன். குட் என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டேன். பிறகு அவள் போனாள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் அவரே ஒரு காகிதம் எடுத்து ஏதோ பெருக்கிப் பார்த்தார். அப்போதே தெரிந்துவிட்டது, என் நாற்காலி போயிற்று என்று.

பஸ்ஸில் அவளே சொன்னாள். "உன்னப் பத்திச் சொல்லுன்னாரு. என்னப் பத்தி என்னட்டி இருக்கு? என் நம்பரப் பத்திச் சொன்னேன். 729ஆ நின்னா மூணால போறதச் சொன்னேன், பத்தாயிரமாவதுன்னு சொன்னேன், 323ம் 20ம் சொன்னேன். மனுசன் அசந்துட்டாரு."

"323 யாரு கண்டுபிடிச்சான்னு சொன்னியா?"

"அவரு கேக்கலியேட்டி."

மறுநாள் என் தட்டில் விழுந்த இட்லியை எடுத்து அவள் தட்டிலேயே வைத்தேன். அவள் மூன்றைத் தின்றுவிட்டு நாலாவதைத் தொடாமல் எழுந்தாள். இப்படிப் பல நாள் அந்த நாலாவது இட்லி யாருக்கும் இல்லாமல் குப்பைக்குப் போனது.

எனக்கு வேறு வேலை இருந்தது. அவள் எண்ணுக்கு இரண்டாவது ஜோடி ஒன்று கிடைத்துவிட்டால் அது பகா எண்ணே இல்லை என்று ஆகிவிடும். கணக்கு அப்படி. கிடைக்காது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இருந்தாலும் லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே மனதுக்குள் தேடினேன். 310 வர்க்கமும் 93 வர்க்கமும் சேர்த்துப் பார்த்தேன், இருபது கூட வந்தது. 304ம் 111ம் சேர்த்துப் பார்த்தேன், வெறும் எட்டுதான் கூட. எட்டு! அந்த எட்டைக் கண்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணாடி அறைக்குள் அவள் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் குனிந்து அடுத்த ஸ்க்ரூவை எடுத்தேன்.

மார்கழியில் அவளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. போகிற அன்று, கார்டை ஒப்படைக்கும் முன், கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு டீ சொன்னாள்.

"ஒண்ணு சொல்லுதேன், அடிச்சிராத" என்றாள். "அன்னிக்கு வரிசையில உன்னக் கையெழுத்துப் போட அனுப்புனேம்லா, அது வேணும்னே அனுப்புனது."

எனக்குப் புரியவில்லை.

"காலேஜ்ல எனக்குப் பிராஜக்ட் என்ன தெரியுமா? மொதப் பத்தாயிரம் பகா எண்ணையும் கம்ப்யூட்டர்ல வரவைக்கணும். ராவும் பகலும் உக்காந்து புரோகிராம் எழுதி ஓட விட்டேன். சரசரன்னு ஓடிக் கடசி வரியில வந்து நின்னது 104729. மூணு மாசம் அந்தக் கடசி வரியத்தான் பாத்துகிட்டு இருந்தேன். அன்னிக்கு வரிசையில உனக்கு முன்ன நின்னவ கார்டோட திரும்புனா. எட்டிப் பாத்தா 104728. அடுத்தது நீ!"

"அப்ப உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். யாரு இவ, ஒண்ணும் தெரியாம நிக்கா, இவ கையில போயி அது விழப் போவுதேன்னு அப்படி ஒரு பொறாமை. சத்தியமாச் சொல்லுதேன், என் சென்மத்துல ஒருத்தி மேல அவ்வளவு பொறாமை வந்ததே இல்ல."

டீ கிளாஸ் சுட்டது, கீழே வைத்துவிட்டேன். திருடி! எல்லோரும் திருதிருவென்று முழிக்கிற கார்டு போட்டோவில் இவள் மட்டும் ஏன் சிரித்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

"அப்ப பஸ்ல எங்கள எல்லாம் எதுக்குடி வகுக்க வெச்ச?"

"நீங்களாக் கண்டுபிடிச்சுச் சொன்னா எனக்கு இந்தத் திருட்டு நெனப்பு போயிரும்னு பாத்தேன்."

"போச்சா?"

"போவல. நீ வேற 323ம் கண்டுபிடிச்சுக் குடுத்துட்ட. அப்புறம் எங்க போவும்?" கார்டைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். "டீ குடிச்சு முடிக்க வரைக்கும் போட்டுக்கோ. உன்னோடதுதான்."

போட்டுக்கொண்டேன். அவளை நாலு அறை அறைந்திருக்க வேண்டும், அவ்வளவு கோபம் இருந்தது. கூடவே சந்தோஷமும் வந்தது, அதை நான் ஏன் மறைக்க வேண்டும்? இத்தனை நாள் அவளைப் பார்த்து நான் வெந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்பே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், என் முதுகைப் பார்த்து ஒருத்தி வெந்திருக்கிறாள். என்னைப் பார்த்து! டீயை எவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் குடித்தேன். பிறகு கழற்றிக் கொடுத்தேன். கேட்டில் அதை வாங்கி ஒரு ட்ரேயில் போட்டார்கள், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

தை பிறப்பதற்குள் அந்த நாற்காலிக்கு மறுபடி ஆள் எடுத்தார்கள். உன்னைப் பற்றிச் சொல் என்று மேனேஜர் கேட்டார். "சார், 323 வர்க்கமும் 20 வர்க்கமும் சேர்ந்தால் 104729 என்று கண்டுபிடித்தவள் நான்தான்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். இப்போது அந்த நாற்காலியில் நான்தான் சுற்றுகிறேன். அப்பா மாப்பிள்ளைப் பேச்சை எடுப்பதில்லை.

போன வாரம் கேண்டீன் வரிசையில் எனக்கு முன்னால் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி நின்றாள். எங்களோடு அதே நாளில் சேர்ந்தவள், டிப்ளமோ முடித்தவுடன் வந்த சின்னப் பெண். தட்டை எடுக்கத் திரும்பியபோது கார்டும் திரும்பியது. 104743. நெட்டில் 104729க்கு அடுத்து நின்றதைப் பார்த்து மனதில் வைத்திருந்தேன். பத்தாயிரத்து ஒன்றாவது பகா எண். இத்தனை நாளும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், நாலு இட்லி தின்றுகொண்டிருக்கிறது அந்தப் பெண். அன்றைக்கு என் பின்னால் நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துபோனது.

"ஏன்க்கா என் கார்டையே பாக்கறீங்க? போட்டோ கேவலமா இருக்குதா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்குது. தள்ளு" என்றேன்.

சாயங்காலம் பெங்களூருக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன், "நூத்தி நாலு எழுநூத்தி நாப்பத்தி மூணுடி, பேக்கிங்ல இருக்குது" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

"தெரியும்ட்டி" என்றாள். "நான் டேட்டா டெஸ்க்ல உக்காந்த மொத நாளே கம்ப்யூட்டர்ல அதத்தான் தேடிப் பாத்தேன். அவட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லிராத" என்றாள் அவசரமாக. பிறகு குரலைத் தணித்து, "நீ ஒண்ணும் வெசனப்படாத. நாலால வகுத்தா மூணு மீதி வருது. அது ரெண்டு வர்க்கமாப் பிரியவே பிரியாது" என்றாள்.

நான் ஏற்கெனவே வகுத்துப் பார்த்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை.